அணையாத நீல விளக்கு

காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு முந்தைய சிக்னலில் வண்டி நின்றபோது, மீட்டர் பலகையில் எண்ணெய்க் குப்பி வடிவத்தில் இருக்கும் சிவப்பு விளக்கு ஒருமுறை கண்சிமிட்டி அணைந்தது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் காணாமல் போயிற்று. காலை எடுத்தால் மறுபடியும் சிமிட்டியது. பக்கத்து இருக்கையில் இருந்த அப்பா, “அது ரெண்டு மாசமா அப்படித்தாம்மா. ஆயில் ஃபுல்லா இருக்கு, நான் தினம் பார்க்கிறேன்” என்றார். அவர் சொன்னது உண்மை. வீடு திரும்பி, ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக் குச்சியை உருவிப் பார்த்தபோது ஆயில் மேல்கோட்டையும் தாண்டி அரை விரல் உயரம் இருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாரும் ஊற்றாமலே அது எப்படிக் கூடியது என்பதுதான் என்னை உறுத்தியது. குச்சியை முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை அடித்தது.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கார்களில் அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பு நிறைய ஆயில் இருந்தாலும், பம்பு அதை உறிஞ்சி மேலே தள்ளினால்தான், சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளுக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் போய்ச் சேரும். சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. அழுத்தத்தோடு வரும் ஆயில் படலம் ஒன்றுதான் இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கிறது. ஆகவே அந்த விளக்கு எரிந்தால் அதே இடத்தில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். நான் அணைக்கவில்லை. பின்னால் நின்ற பேருந்தின் ஹாரனுக்குப் பயந்து வண்டியை நகர்த்தி, அப்படியே திருப்பிக்கொண்டு ஸ்ரீரங்கம்வரை ஓட்டிவந்தேன். எஞ்சின் தாங்கியது எங்கள் நல்ல நேரம்.

கார் 2014இல் வாங்கியது, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். நான் சொல்லும் இந்த 2023 ஆகஸ்டில் அது ஓடியிருந்தது 36,400 கி.மீ. மட்டுமே. அப்பா ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, கி.மீ., லிட்டர், வகுத்து வந்த விடை ஆகிய நான்கையும் ஒரு நீள நோட்டில் எழுதி, அதை டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருப்பார். அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்தக் கதையின் பாதி எனக்குப் பிடிபட்டிருக்காது. 2014 முதல் 2019 மே வரை லிட்டருக்கு 14, 15 என்றே வந்துகொண்டிருந்த விடை, 2019 ஜூனில் திடீரென்று 11 ஆகிறது. அதன்பிறகு ஒருமுறைகூட 12ஐத் தொடவில்லை. 2020இல் ஓரிடத்தில் 7 என்றுகூட இருக்கிறது. பக்கவாட்டில் சிவப்பு மையில் “பங்க் மாற்ற வேண்டும்” என்று எழுதியிருக்கிறார். பங்கையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்.

2019 மே மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். மதுரையிலிருந்து திரும்பும்போது விராலிமலைக்குப் பக்கத்தில் வண்டி சூடாகி நின்றுவிட்டது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. ரேடியேட்டர் விசிறி ஓடவில்லை. சாலையோரப் பட்டறை ஒன்றில் விசிறியைச் சரிசெய்தார்கள். அதோடு ஒரு கூடுதல் உதவியாக, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஓடும் வழியிலிருந்த தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றி எறிந்துவிட்டு, “நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை சார், இனிமே சூடே ஆகாது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் வஞ்சகமாகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ பட்டறைகளில் இதே வேலையை நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள். இந்த வெயிலில் எஞ்சினைக் குளிர வைப்பதற்குப் பதில் சூடேற்றி வைக்க ஒரு வால்வா என்று கேட்டால், கேட்பவர் பக்கம் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும்.

ஆனால் அந்த வால்வின் வேலையே அதுதான். அதற்குள் ஒரு மெழுகு உருண்டை இருக்கிறது. கூலன்ட் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வைக்கும். இதனால் புறப்பட்ட சில நிமிடங்களில் எஞ்சின் தன் இயல்பான வெப்பத்துக்கு வந்துவிடுகிறது. வால்வு இல்லையென்றால் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டர் வெப்பத்தை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். அப்பாவின் காரில் வெப்பமானி முள் கிடையாது. இரண்டு விளக்குகள் மட்டும் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை நீல விளக்கு எரியும், அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு எரியும். விராலிமலைக்குப் பிறகு நீல விளக்கு பெரும்பாலும் அணைவதே இல்லை. அப்பாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நடுவழியில் ஆவி பறக்க நின்ற நாளை மறக்காதவருக்கு, வண்டி குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஒரு விளக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு நிம்மதி!

அந்த நிம்மதிக்குள் நடந்தது இது. பெட்ரோல் எரியும்போது புகை மட்டும் உண்டாவதில்லை, தண்ணீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்ஸர் வழியே போய்விடுகிறது. ஆனால் எந்தப் புது எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கொஞ்சம் வாயு கீழே கசிந்து, ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கத்தான் செய்யும். அந்த வாயுவில் நீராவி இருக்கும், எரியாத பெட்ரோல் இருக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் இருக்கும். ஆயில் நன்றாகச் சூடாக இருந்தால் நீரும் பெட்ரோலும் மறுபடி ஆவியாகி, பிசிவி வால்வு என்ற சிறிய ஒருவழிக் கதவின் வழியே உறிஞ்சப்பட்டு எஞ்சினுக்குள்ளேயே எரிந்துபோகும். ஆயில் சூடாகாவிட்டால் அவை உள்ளே குளிர்ந்து, ஆயிலோடு கலந்து தங்கிவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகளும் அரைகுறையாக எரிந்த பெட்ரோலும் சேர்ந்து பிசின் போன்ற ஒன்றை உண்டாக்க, அந்தப் பிசினில் கரியும் நீரும் ஒட்டிக்கொண்டு கசடு பிறக்கிறது.

தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் இன்னொரு கேடும் சேர்ந்துகொள்கிறது. எஞ்சினின் கணினி, கூலன்ட் வெப்பத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று முடிவு செய்கிறது. வண்டி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று அது நம்பினால், தேவைக்கு மேல் தெளித்துக்கொண்டே இருக்கும். நோட்டில் 15 என்பது 11 ஆனதற்குக் காரணம் அதுவே. அந்த உபரி பெட்ரோலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலுக்குள் இறங்கியது. டிப்ஸ்டிக்கில் கூடியிருந்த அரை விரல் அதுதான். கசடு கெட்டியானது, ஆயிலோ நீர்த்துப்போனது. அழுத்தம் விழ இரண்டுமே போதிய காரணங்கள்.

இதன் நடுவில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பேட்டரி இறங்கிவிடாமலிருக்க வண்டியைத் தினமும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள் என்று அப்போது ஆளாளுக்குச் சொன்னார்கள். தொலைபேசியில் நானும் சொன்னேன். அப்பா எதையும் ஒழுங்காகச் செய்பவர். காலை ஏழு மணிக்குப் போர்ட்டிகோவில் வண்டியை ஸ்டார்ட் செய்து, பேப்பர் படித்து முடிக்கும்வரை ஓடவிட்டு அணைப்பார். மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. வண்டி நகராமல் ஐடிலில் ஓடும் எஞ்சின் மிகக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்கும், தெர்மோஸ்டாட்டும் இல்லை, பத்தாவது நிமிடம் எஞ்சின் அணைந்துவிடுகிறது. கசடு செய்யும் தொழிற்சாலையை வடிவமைக்கச் சொன்னால்கூட இதைவிடத் திறமையாகச் செய்ய முடியாது. நான் மிகைப்படுத்தவில்லை. எஞ்சின் ஆயிலைத் தரப்படுத்தும் அமெரிக்கச் சோதனைகளில் கசடுக்கென்றே ‘சீக்வன்ஸ் விஹெச்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் எஞ்சினை 216 மணி நேரம் ஓட்டுகிறார்கள். கொதிக்கக் கொதிக்க ஓட்டுவதில்லை. நகரத்துக்குள் நின்று நின்று போகும் வண்டியைப்போல மிதவெப்பத்திலும் ஐடிலிலும் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, திறந்து பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

பாலக்கரையில் அப்பாவுக்கு முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் பாய். வண்டியை ஓட்டி வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள் என்றார். அவர் முதலில் செய்தது, விளக்கை இயக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டியது. பல நேரங்களில் சுவிட்சே பொய் சொல்லும் என்பதால், பயந்துகொண்டு எஞ்சினைப் பிரிப்பதற்குமுன் இந்தச் சோதனையைச் செய்தாக வேண்டும் என்றார். ஐடிலில் முள் தரையைவிட்டு எழவே யோசித்தது. சுவிட்ச் பொய் சொல்லவில்லை.

அடுத்து ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி, அதன் அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். டிகிரி காப்பியின் மேல் நிற்கும் நுரையின் நிறத்தில், விரலால் வழிக்கும் அளவுக்குப் பசை படிந்திருந்தது. இது ஆயிலும் தண்ணீரும் கடைந்த வெண்ணெய். இதைப் பார்த்ததும், எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லிப் பெரிய செலவுக்கு அடி போடுபவர்கள் உண்டு. கேஸ்கட் கிழிந்து கூலன்ட் ஆயிலில் கலந்தாலும் இதே நிறம்தான் வரும். பாய் கூலன்ட் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார், குறையவில்லை. கைப்பம்பால் கூலன்ட் பாதையில் காற்றழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்; அழுத்தம் இறங்கவில்லை. “கேஸ்கட் நல்லா இருக்கு. இது வெளியிலேர்ந்து வந்த தண்ணி இல்லம்மா, எஞ்சினே போட்ட தண்ணி” என்றார். அன்று நான் கேட்டவற்றிலேயே துல்லியமான வாக்கியம் அது.

எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரைக் கழற்றியபோது, நல்ல எஞ்சினில் தேன் நிறத்தில் மின்ன வேண்டிய கேம் தண்டும் அதைச் சுற்றிய பள்ளங்களும் கன்னங்கரேலென்று இருந்தன. பள்ளங்களில் கசடு ஆறிய கேழ்வரகுக் களியைப்போல மேடுகட்டி உட்கார்ந்திருந்தது. ஆயில் கீழே இறங்க வேண்டிய துளைகளில் இரண்டு முழுதாக மூடியிருந்தன. பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினார். நல்ல வால்வு ஆட்டினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். இது ஊமையாக இருந்தது. கசிந்து வந்த வாயு வெளியேற இருந்த ஒரே வழியும் எப்போதோ அடைபட்டுவிட்டது.

ஆயில் கறுத்துப்போவது வேறு, கசடாவது வேறு. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆயிலில் கலந்திருக்கும் சேர்மங்களில் ஒரு வகை, தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்போல வேலை செய்கிறது. ஒரு முனையால் கரித்துகளைப் பற்றிக்கொண்டு மறுமுனையால் எண்ணெயில் மிதந்து, துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைக்கிறது. கறுத்த ஆயில் என்பது இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். சேர்மம் தீர்ந்துபோன பிறகுதான் அழுக்கு திரண்டு படியத் தொடங்குகிறது. டேங்கர்போல நெடுஞ்சாலையிலேயே கிடக்கும் வாடகைக் காரின் எஞ்சினைத் திறந்தால், எங்கள் 36,400 கி.மீ. காரைவிடச் சுத்தமாக இருக்கும். அதன் ஆயில் நாள் முழுவதும் சூடாக இருந்து தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது. கொதிப்பிலும் கசடு வரும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டர்போ உள்ள வண்டியை வேகமாக ஓட்டிவந்து சட்டென்று அணைத்தால், டர்போவின் பேரிங்கில் தேங்கிய ஆயில் அங்கேயே தீய்ந்து கரியாகும். அது வேறு நோய். எங்களுடையது குளிர் நோய்.

அன்று மதியம் ஒரு சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து கேட்டேன். ‘எஞ்சின் ஃப்ளஷ்’ என்று ஒரு குப்பி மருந்தைப் பழைய ஆயிலில் ஊற்றிப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடித்தால் எல்லாம் கரைந்து வந்துவிடும் என்றார்கள். பாயிடம் சொன்னேன். அவர் மறுப்பாகத் தலையாட்டிவிட்டு, சம்பைக் கழற்றியபின் பேசலாம் என்றார். சம்பைக் கழற்றியதும் அதன் அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் முக்கால் பங்கு மூடிக் கிடந்தது. மீதிக் கால் பங்கின் வழியேதான் எஞ்சின் இரண்டு மாதமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மேலே டேப்பட் பகுதியில் இருக்கும் கட்டிகளை மருந்து தளர்த்திவிட்டால் அவை கரைந்து மறைந்துவிடாது. பெயர்ந்து கீழே விழும். விழுந்த கட்டிகள் மிச்சமிருந்த அந்தக் கால் பங்கையும் அடைத்தால், பத்து நிமிடம் முடிவதற்குள் பேரிங்குகள் போய்விடும். கசடு அதிகமில்லாத வண்டிக்கு அந்த மருந்து தீங்கில்லாமல் இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் ஊற்றுவதை நான் இனி ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தன் உஸ்தாத் காலத்தில் அம்பாசடருக்கு மண்ணெண்ணெயும் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி ஓடவிட்டுக் கழுவிய கதையை பாய் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்றைய எஞ்சின்களில் துளைகள் சிறியவை. அந்த வைத்தியம் இவற்றுக்கு ஆகாது. ஆகவே அவர் கையாலேயே சுத்தம் செய்தார். இரும்பு உளி அலுமினியத்தைக் கீறும் என்பதால் மரச் சீவல்களாலும் பிளாஸ்டிக் அட்டையாலும் கசட்டை வழித்து, துணியால் ஒற்றி, துளைகளில் விழாமல் உறிஞ்சி எடுத்தார். ஸ்ட்ரெய்னரைப் பெட்ரோலில் ஊற வைத்துத் தூரிகையால் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சம்பைத் திரும்ப மாட்டும்போது சிலிக்கான் பசையை நூல்போல மெல்லியதாகவே இழுத்தார். தாராளமாகப் பூசினால் அது உள்பக்கமாகப் பிதுங்கி, பிறகு பிய்ந்து விழுந்து, இப்போதுதான் சுத்தம் செய்த அதே வலையை மறுபடி அடைக்குமாம். புதுத் தெர்மோஸ்டாட், புது பிசிவி வால்வு, ஃபில்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்ந்து 9,400 ரூபாய் ஆயிற்று. எஞ்சின் வேலைக்கு அறுபதாயிரம் ஆகும் என்று இன்னோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள்.

வண்டி வாங்கும்போது தந்த கையேட்டை அன்றிரவு அப்பாவோடு உட்கார்ந்து படித்தேன். ஆயில் மாற்ற வேண்டியது “10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது” என்று இருந்தது. அப்பா 2019 ஜனவரியில் மாற்றியபின் 2021 அக்டோபரில்தான் மாற்றியிருக்கிறார். அதன்பிறகு மாற்றவே இல்லை. அந்த 22 மாதத்தில் ஓடியது 3,100 கி.மீ. என்பதால், இன்னும் 6,900 பாக்கி இருக்கிறது என்று நோட்டில் கழித்து வைத்திருந்தார். கணக்கு சரி, ‘அல்லது’ என்ற சொல்தான் கண்ணில் படவில்லை. அதே கையேட்டில் குறுகிய தூரம் ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கெடுவையும் குறைக்கச் சொல்லும் அட்டவணை கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல் போய் வரும் அப்பாவைப் போன்றவர்களுக்காக எழுதியதை ஏன் அங்கே ஒளித்து வைத்தார்கள் என்று தெரியவில்லை.

எல்லாப் பழியும் உரிமையாளர் மேல்தான் என்று சொல்வதும் நியாயமாகாது. சில எஞ்சின்களின் அமைப்பே கசடுக்கு இடம் கொடுப்பதுண்டு. 1997 முதல் 2002 வரையிலான மாடல்களில் குறிப்பிட்ட நான்கு சிலிண்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் வந்த கசடுப் புகார்களுக்குப் பிறகு, டொயோட்டா 2002இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 33 லட்சம் வண்டிகளுக்கு, முதல் விற்பனையிலிருந்து எட்டாண்டுவரை அந்தப் பழுதைத் தானே ஏற்பதாக அறிவித்தது. அறிவிப்பில் கசடு என்று சொல்லவில்லை, ஆயில் ‘ஜெல்’ ஆவதாகச் சொன்னார்கள். எங்கள் வண்டியில் அமைப்பின் குற்றம் எதுவும் இல்லை. விராலிமலையில் எறிந்த ஒரு வால்வும், என் தொலைபேசி ஆலோசனையும், ஒரு ‘அல்லது’ம்தான்.

கையால் எட்டாத இடங்களில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை நல்ல ஆயிலே மெதுவாகக் கரைத்து எடுக்கட்டும் என்றார் பாய். அதற்காகக் கையேடு சொன்ன தடிப்பில், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்பி தரமுள்ள ஆயிலை ஊற்றி, 500 கி.மீ.யில் ஒருமுறை, அதற்குப்பின் 1,500இல், பிறகு 3,000இல் என்று மாற்றினோம். ஒவ்வொரு முறையும் கழற்றிய ஃபில்டரை அவர் ரம்பத்தால் அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்துக் காட்டினார். முதல் தாளில் காப்பித்தூள்போல அடை அடையாக இருந்தது. ஃபில்டர் முழுதாக அடைத்துவிட்டால் அதிலுள்ள பக்கவழி திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போய்விடும். முதல் மாற்றத்தை அவ்வளவு சீக்கிரம் வைத்தது அதனால்தான். மூன்றாவது தாளில் நான் தேடித்தான் துகளைக் கண்டுபிடித்தேன். பேரிங்குகளில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது எஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும். சூடான பின் ஐடிலில் கேஜ் முள் நிமிர்ந்து நிற்கிறது, காலையில் கேட்ட டேப்பட் சத்தம் போய்விட்டது, இப்போதைக்கு அது போதும் என்று விட்டுவிட்டோம்.

போர்ட்டிகோவில் நிறுத்தி ஓடவிடும் வழக்கம் ஒழிந்தது. அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் காலையில் அப்பா முக்கொம்புவரை ஓட்டிப் போகிறார். போக அரை மணி, வர அரை மணி; ஆயில் நன்றாகச் சூடேறி, வாரத்தில் சேர்ந்த ஈரத்தையெல்லாம் விரட்ட அவ்வளவு நேரம் தாராளம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். விடை மறுபடியும் 14ஐத் தாண்டியிருந்தது. பக்கத்தில் ஸ்கேலால் கோடு போட்டு, “நீலம்” என்று தலைப்பிட்டுப் புதிதாக ஐந்தாவது பத்தி ஒன்றைச் சேர்த்திருந்தார். வண்டி புறப்பட்ட எத்தனையாவது நிமிடத்தில் நீல விளக்கு அணைந்தது என்று அதில் குறித்துக்கொண்டு வருகிறார். பெரும்பாலும் 2 அல்லது 3. டிசம்பரில் ஒரே ஒரு நாள் 5 என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் “மழை” என்று காரணமும் போட்டிருந்தார்.